இன்று ஏதாவது உருவாக்கினால் நாளைக்குத் தெம்பு: அன்றாடப் படைப்பாற்றலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெம்பு இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நம்மில் பலர் வரைவதையும் எழுதுவதையும் பின்னுவதையும் பாடுவதையும் தள்ளிப்போடுகிறோம். வேலை முடிய வேண்டும், வீட்டுக் கடமைகள் முடிய வேண்டும், மனசும் கொஞ்சம் லேசாக வேண்டும், அப்புறம் நேரம் மிஞ்சினால் ஏதாவது செய்யலாம் என்பது நம் கணக்கு. அந்த வரிசையே தலைகீழாக இருக்கலாம்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டாம்லின் கானரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 658 இளைஞர்கள் 13 நாட்களுக்கு, அன்று எவ்வளவு நேரம் எதையாவது உருவாக்கினார்கள், மனநிலை எப்படி இருந்தது என்று தினமும் குறித்துக்கொடுத்தார்கள். ஒரு நாள் வழக்கத்தைவிடக் கூடுதலாக எதையாவது உருவாக்கியவர்கள் மறுநாள் அதிக உற்சாகமாகவும் துடிப்பாகவும் இருந்தார்கள். சுவாரசியமான விஷயம் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது: உற்சாகமாக இருந்த நாளுக்கு மறுநாள் அவர்கள் கூடுதலாக எதையும் உருவாக்கிவிடவில்லை. மனசு நன்றாக இருப்பது படைப்பைக் கொண்டுவரவில்லை. படைப்புதான் மறுநாளின் மனசுக்கு எதையோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் இளைஞர்கள், தகவலும் அவர்களே சொன்னது, ஆகவே இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் "முதலில் தெம்பு வரட்டும்" என்று காத்திருப்பதை விட்டுப் பார்க்க இந்தச் சான்று போதும்.

கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரே எண்ணத்தின் மேல் நிற்பவை. களைத்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குப் படைப்பைச் சிறிதாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி.

படி 1: எது கணக்கில் வரும் என்று முடிவு செய்யுங்கள்

படைப்பாற்றல் என்றதும் மேடை, விருது, கண்காட்சி என்று மனசு ஓடுவதால்தான் பலர் தொடங்குவதே இல்லை. ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் படைப்பாற்றலை நான்கு அடுக்குகளாகப் பிரித்தார்கள். உச்சியில் காலம் கடந்து நிற்கும் மேதைகள். அதற்கடுத்து, அதையே தொழிலாகக் கொண்ட தேர்ந்தவர்கள். மூன்றாவது அடுக்கில் அன்றாட வாழ்க்கையில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் சாதாரண மனிதர்கள். நான்காவது, கற்றுக்கொள்ளும்போது ஒருவருக்குத் தனக்கு மட்டும் புதிதாகத் தோன்றும் சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகள். நாம் பேசப்போவது கடைசி இரண்டு அடுக்குகளைப் பற்றி மட்டும்தான்.

அந்த அளவில் பார்த்தால் கிழிந்த பைக்கு வேறு நிறத் துணியில் ஒட்டுப்போடுவது கணக்கில் வரும். தூங்க மறுக்கும் குழந்தைக்கு இட்டுக்கட்டிச் சொல்லும் கதை வரும். தெரிந்த மெட்டில் வீட்டில் உள்ளவர்களைக் கிண்டல் செய்து பாடும் பாட்டு, மேசையில் கிடக்கும் பொருட்களைக் கண்ணுக்கு அழகாக அடுக்கி வைப்பது, நண்பரின் பிறந்தநாளுக்குச் சொந்தமாக எழுதும் நாலு வரி, எல்லாமே வரும். சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். சற்று முன் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதா? அதில் எதைச் செய்வது, எதை விடுவது என்ற முடிவுகளில் சிலவாவது உங்களுடையவையா?

மற்றவர்கள் வரைவதையும் செதுக்குவதையும் காணொளியில் பார்த்துக்கொண்டிருப்பது வராது. அது சுகமாக இருக்கும், சந்தேகமில்லை. செய்து முடித்த திருப்தியின் சாயலைக்கூடக் கொடுக்கும். அதனாலேயே அது ஆபத்தான பதிலி.

படி 2: உங்கள் கைக்கு ஏற்ற பொருளைக் கண்டுபிடியுங்கள்

"எனக்கு என்ன திறமை இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. "எந்தப் பொருளோடு இருக்கப் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். காகிதம், நூல், மண், மரம், சொல், ஓசை, செடி, ஒளி, உடம்பின் அசைவு: இவற்றில் ஏதோ ஒன்று உங்களை மற்றவற்றைவிட அதிகமாக இழுக்கும். ஒரு வாரம் உங்களையே கவனித்துப் பாருங்கள். தொலைபேசியில் பேசும்போது கை எதைச் செய்கிறது? அடுத்தவர் வீட்டில் கண் எதன்மேல் நிற்கிறது? சின்ன வயதில் யாரும் சொல்லாமலே எதில் மூழ்கிக் கிடந்தீர்கள்?

நான் சொல்லும் ஒரு யோசனை, உங்கள் பிழைப்புக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள் என்பது. நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவருக்குக் கையில் பிடிக்கக்கூடிய ஒன்று நல்லது. நாள் முழுக்கப் பேசித் தீர்ப்பவருக்கு வாய் திறக்க வேண்டாத ஒன்று. உடலுழைப்பில் களைத்தவருக்குச் சொல்லும் ஓசையும். எழுத்தே தொழிலாக இருப்பவர் மாலையில் கவிதை எழுத உட்கார்ந்தால் அது இன்னொரு பணிநேரம்போல் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் முதலில் முயன்று பார்க்க இது நல்ல திசை.

பொருள் முடிவானதும் கடைக்கு ஓடாதீர்கள். கருவிகள் வாங்குவது தனிப் பொழுதுபோக்கு. அதில் கிடைக்கும் கிளர்ச்சி பெட்டியைப் பிரித்த மறுநாளே வடிந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். எது போதவில்லை என்று கை சொன்ன பிறகு அதை மட்டும் வாங்கலாம்.

படி 3: ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்

"தினமும் கொஞ்சம் வரைய வேண்டும்" என்ற தீர்மானம் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து 15 நிமிடம் வரைவேன்" என்பது நிற்க வாய்ப்பு அதிகம். எப்போது, எங்கே, எது நடந்தவுடன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் செயல் எளிதாகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முடிவெடுக்கும் வேலையை முன்னாலேயே செய்துவிடுவதால், களைத்த நேரத்தில் அதற்கென்று தனியாக மனபலம் தேவைப்படுவதில்லை.

பொருட்களைக் கண்ணில் படும்படி வையுங்கள். அலமாரிக்குள் மூடியிருக்கும் நோட்டுப் புத்தகத்தை எடுக்க எழுந்து போக வேண்டும். மேசைமேல் பேனாவோடு திறந்து கிடக்கும் நோட்டு உங்களைக் கூப்பிடும்.

எத்தனை நாளில் பழகும்? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஏறக்குறைய 66 நாட்கள் பிடித்தன. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று, கவனித்த போக்கை வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களை. எனவே உங்களுக்கு மாதக்கணக்கில் பிடித்தால் அதில் வியப்பில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. நாட்காட்டியில் சங்கிலி அறுந்துவிட்டதே என்று வருந்துகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

படி 4: உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்றதை எல்லாம் செய்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்பது என் எண்ணம். வெற்றுத் தாள் முன்னால் உட்கார்ந்து "எதை வேண்டுமானாலும் செய்யலாம்" என்று நினைப்பதைப்போல் களைப்பூட்டும் விஷயம் வேறில்லை. எண்ணற்ற வழிகள் இருந்தால் மனசு வாசலிலேயே நின்றுவிடும். கட்டுப்பாடு அவற்றில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டில் நுழைந்துதான் ஆக வேண்டும்.

எழுத்தில் இதைச் செய்து பாருங்கள். "ம" வரிசை எழுத்து ஒன்றுகூட வராமல் மழையைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத வேண்டும். "ம்" என்ற மெய்யெழுத்தும் கூடாது. உட்கார்ந்தவுடன் தெரியும், மழையே போயிற்று. மேகம் கிடையாது, வானம் கிடையாது, மின்னல் கிடையாது, மண்ணின் மணம் கிடையாது, மனம் நனைவதும் கிடையாது. இது வரை மழை பற்றி எழுதியவர்கள் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்த சொற்கள் அத்தனையும் ஒரே வீச்சில் போய்விட்டன. அப்போது வேறு வழியில்லாமல் இப்படி ஏதாவது வரும்:

கூரை தட்டுகிறது. யார் என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். வாசலில் ஈரக்காற்று நின்றிருந்தது.

பெரிய இலக்கியம் இல்லைதான். ஆனால் "மழை பெய்தது" என்று தொடங்கியிருந்தால் அந்த ஈரக்காற்று வாசலுக்கு வந்திருக்காது. உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்து முழுப் பாட்டையே கட்டும் இதழகல் என்ற வகையைப் பழைய தமிழ்ப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவர்களும் விளையாடத்தான் செய்தார்கள்.

வரைகிறவர்கள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே கோட்டில் கண்ணெதிரே உள்ள பொருளை வரையலாம். அல்லது தாளைப் பார்க்காமலே வரையலாம். கோணல்மாணலாக வரும், ஆனால் அந்தப் பொருளை அதற்கு முன் நீங்கள் அப்படிக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒளிப்படம் எடுப்பவர்கள் ஒரு நாள் முழுக்க நிழல்களை மட்டும், அல்லது ஒரே நாற்காலியைப் பத்துக் கோணங்களில். இசையில் ஆர்வம் இருந்தால் மூன்றே சுரங்களில் ஒரு மெட்டு. துணியிலும் காகிதத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு, கையில் இருக்கும் துண்டுகளை மட்டுமே பயன்படுத்துவது, புதிதாக எதையும் வெட்டக்கூடாது.

வாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று ஏழெட்டுக் கட்டுப்பாடுகளைச் சின்னச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்பது இன்னும் நல்லது. தேர்ந்தெடுக்கும் பாரம்கூட உங்கள் மேல் இருக்காது. எடுத்த சீட்டுப் பிடிக்கவில்லை என்று மறுபடி குலுக்க மட்டும் கூடாது.

படி 5: முதல் ஐந்து நிமிடத்தைக் கடந்துவிடுங்கள்

தொடக்கம் எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும். உருவாக்குவதும் எடைபோடுவதும் இரண்டு தனி வேலைகள்; இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போகும்போதுதான் கை நிற்கிறது. எடைபோடுவதற்கு வேறொரு நாள் ஒதுக்கிவிடுங்கள், வாரக் கடைசியில் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை அழிப்பான் வேண்டாம், முன்பக்கம் திருப்பிப் பார்ப்பதும் வேண்டாம்.

கை நகரவே மறுத்தால் கட்டங்களையோ வட்டங்களையோ போட்டு நிரப்பத் தொடங்குங்கள். கிறுக்குவது ஒன்றும் கேவலமான காரியமில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ராட் 2010இல் வெளியிட்ட சோதனையில், 40 பேர் ஓர் அலுப்பூட்டும் தொலைபேசிப் பேச்சைக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே வடிவங்களுக்குள் கோடு போட்டு நிரப்பியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். மனசு எங்கோ மிதந்து போகாமல் கை அதைப் பிடித்து வைக்கிறது என்பது இதற்கு ஒரு விளக்கம்.

நன்றாக வருவதற்குப் பழகியிருக்க வேண்டும், ஆனால் மனசு இளகுவதற்குப் பழக்கம் தேவையில்லை போலிருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலின் குழு 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்பட வேலைக்கான காகிதங்கள் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் செய்யவிட்டது. நான்கில் மூன்று பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்னனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

முடிக்கும்போது ஒரு சின்னத் தந்திரம்: எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தி, அதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். மறுநாள் அந்த வரியிலிருந்து இறங்கிவிடலாம்.

படி 6: ஒன்றுமே தோன்றாத நாளுக்கு

நடங்கள். ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சாதாரணப் பொருளுக்கு எத்தனை வேறு பயன்கள் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். நடந்துகொண்டிருந்தவர்கள் உட்கார்ந்திருந்தபோதைவிடச் சராசரியாக 60 சதவீதம் அதிகமாகப் புதிய யோசனைகளைச் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தாலும் பலன் இருந்தது, நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நீடித்தது. ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளில் மட்டும் நடை கைகொடுக்கவில்லை. ஆகவே யோசனைக்கு நடை, திருத்துவதற்கு நாற்காலி.

நடக்க முடியாவிட்டால் அதே கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். கையெட்டும் தூரத்தில் உள்ள ஒரு பொருள், அதற்குப் பதினைந்து பயன்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் வருவதுதான். பத்தைத் தாண்டிய பிறகு வருவதில்தான் வேடிக்கை.

அதுவும் முடியாவிட்டால் பிடித்த ஒன்றைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். ஒரு ஓவியத்தின் மூலையை, ஒரு பின்னல் வடிவத்தை, ஒரு பத்தியின் வாக்கிய அமைப்பை. உங்களுடையது என்று வெளியே சொல்லிக்கொள்ளாத வரை அதில் தவறில்லை.

படி 7: காட்டுவதில் நிதானம்

செய்ததை உடனே படம்பிடித்துப் போட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தோன்றும். அதைச் சில மாதங்களுக்காவது தள்ளிப்போடுங்கள் என்பேன். காரணம், 1973இல் வெளியான ஒரு பழைய சோதனை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விளையாடவிட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை.

பாராட்டில் விஷமில்லை, பாராட்டுக்காகச் செய்யத் தொடங்குவதில்தான் சிக்கல். "இதை விற்றால் நல்ல காசு வருமே" என்று அன்போடு சொல்லும் உறவினர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். விற்பது நல்ல காரியம்தான், ஆனால் அதன் பிறகு அது தொழில். தெம்புக்கு வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும்.

ஒன்றிரண்டு பேரோடு சேர்ந்து செய்வது வேறு கதை. ஒரே மேசையில் அவரவர் வேலையை அவரவர் செய்துகொண்டு இருப்பதும், ஒருவர் ஒரு வரி எழுத மற்றவர் அடுத்த வரி எழுதுவதும் களைத்த நாளில் உங்களைத் தொடங்கவைத்துவிடும்.

படி 8: பலன் இருக்கிறதா என்று மறுநாள் பாருங்கள்

கானரின் ஆய்வில் பலன் தெரிந்தது மறுநாள் என்பதால், சோதனையையும் மறுநாள் வையுங்கள். காலையில் நாட்காட்டியின் ஓரத்தில் தெம்புக்கு 10க்கு ஒரு மதிப்பெண். முந்தைய நாள் எதையாவது உருவாக்கியிருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று வாரம் கழித்துப் புள்ளி உள்ள நாட்களையும் இல்லாத நாட்களையும் ஒப்பிடுங்கள். இது ஆராய்ச்சி ஆகாது, உங்களுக்குப் போதுமானது.

வேறுபாடு தெரியாவிட்டால் முதலில் சிரமத்தின் அளவை மாற்றுங்கள். ஒருவர் தன்னை மறந்து ஒரு செயலில் மூழ்கும் நிலையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாய் சொன்னது, சவாலும் திறனும் சமமாக இருக்கும்போது அது வாய்க்கிறது என்று. எரிச்சலாக வந்தால் எளிதாக்குங்கள். அலுப்பாக வந்தால் கட்டுப்பாட்டை இறுக்குங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் பொருளை மாற்றிவிடலாம்.

தூக்கம் கெட்டிருக்கும் வாரத்தில் இந்த மதிப்பெண்களை நம்ப வேண்டாம். அப்போது 15 நிமிடம் முன்னால் படுப்பதே சரி. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பு இல்லாமல், பசி தூக்கம் மாறி, காரணமில்லாத பாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வரைவதும் பின்னுவதும் சிகிச்சையோடு சேர்ந்து உதவலாம், சிகிச்சைக்கு மாற்றாகாது.

கடைசியாக, சேர்ந்துபோகும் பொருட்கள். இரண்டு மாதத்தில் நோட்டுகளும் துணித்துண்டுகளும் அரைகுறை உருவங்களுமாக ஒரு மூலை நிறைந்துவிடும். ஒரு பெட்டி வையுங்கள், அது நிரம்பியதும் பிடித்த சிலவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள், அல்லது கிழித்துப் பிரித்து அடுத்த வேலைக்கு மூலப்பொருளாக்குங்கள். வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கும் கிடையாது.